மரகதத்திடம் நான் சொல்லாமல் விட்டது

இன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு அலுவலகக் கவுண்டரில்...

கிராமியக் கலைஞர்களுக்கான உதவிக்கு விண்ணப்பம் கொடுக்கப் போயிருந்தேன். (எழுபத்தாறு வயதில்தான் எனக்கு இதெல்லாம் தோன்றுகிறது.)

படிவத்தில், உடன் ஆடியவர் யார் என்று ஒரு கட்டம். மரகதம் என்று எழுதினேன்.

"உங்க வீட்டுக்காரம்மாவாய்யா?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டார்.

"இல்லம்மா. பொய்க்கால் குதிரையில நான் ராஜா, அவங்க ராணி."

"இப்ப இருக்காங்களா?"

"தெரியலம்மா."

வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பதில் உறுத்துகிறது. அதனால் எழுதுகிறேன். (ஒற்றை விரலில் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எழுபதுகளின் கடைசியில் திருச்சியைச் சுற்றிக் கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, கடை திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் எங்கள் குழு போகும். குழுவுக்கு நான்தான் பொறுப்பு. மரகதம் முசிறிப் பக்கத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

காலில் முழ உயரக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு, தோளில் குதிரைக் கூட்டை மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் தெருவில் ஆட வேண்டும். நான் நன்றாக ஆடுவேன். ஆனால் கூட்டம் பார்த்தது அவளைத்தான். எனக்கும் அது தெரியும்.

ஒருநாள் மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை திறப்பு. ஆட்டம் முடிந்து மரகதம் முகம் கழுவப் போயிருந்தாள். எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு கன்னியாஸ்திரி என்னிடம் வந்தார். பெண்கள் பள்ளி ஒன்றின் பொறுப்பில் இருப்பவர். பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுவதாகவும், ஹாஸ்டலிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. இந்த மாசத்துக்குள்ள வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்க."

"சொல்றேங்க சிஸ்டர்."

சொல்லவில்லை.

பங்குனி, சித்திரை முழுக்க ஊர் ஊராக ஒப்புக்கொண்டிருந்தோம். ராணி இல்லாமல் ராஜா மட்டும் போனால் யார் பார்ப்பார்கள்? திருவிழாக்கள் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அதே சிஸ்டர் என்னைப் பார்த்துவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அவங்களுக்கு விருப்பம் இல்லைங்க சிஸ்டர்."

யோசிக்காமல் வந்த பொய். அதுவரை மறைத்தது மட்டும்தான் என் தப்பாக இருந்தது. அன்றைக்கு அவள் வாயால் சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் நாங்கள் சேர்ந்து ஆடினோம். நல்ல பெயர் வந்தது. துறையூரில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மரகதம் கட்டை சறுக்கி விழுந்தாள். முழங்கால் வீங்கிப்போனது. இனிக் கட்டை கட்டக் கூடாது என்றார் டாக்டர். அவள் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு அடுத்த வாரமே வந்தாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. குதிரை மாட்டி இருவரும் தயாராக நின்றோம். கூட்டத்திலிருந்து அந்த சிஸ்டர் வந்தார். வயதாகியிருந்தது. என்னை விட்டுவிட்டு நேராக மரகதத்திடம் போனார்.

"நல்லா இருக்கியாம்மா? அன்னைக்கு எங்க ஸ்கூலுக்கு வர ஏன் விருப்பமில்லன்னு சொல்லிட்ட?"

மரகதத்துக்குப் புரியவில்லை. சிஸ்டர் மறுபடி விவரமாகச் சொன்னார். அந்த இடத்துக்கு அப்போதே வேறொருவரை எடுத்துவிட்டதையும் சொன்னார். மரகதம் திரும்பி என்னைப் பார்த்தாள். காலில் கட்டை, இடுப்பில் குதிரை. எனக்கு ஓடவும் முடியாது, உட்காரவும் முடியாது.

மேளம் தொடங்கிவிட்டது.

ராஜாவும் ராணியும் முகத்துக்கு முகம் பார்த்துச் சுற்ற வேண்டும். சுற்றினோம். ஒரு அடிகூட அவள் தவறவிடவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். எனக்குத்தான் தாளம் இரண்டு இடத்தில் தப்பியது.

முடிந்ததும் கட்டையை அவிழ்த்துக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கிட்ட கேட்டிருந்தா, வேணாம்னுகூட சொல்லியிருப்பேன்ணே. எனக்குத் தெருவுல ஆடத்தான் பிடிக்கும். ஆனா அதை நான்தானே சொல்லணும்?"

கட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு மேளக்காரர்களிடம் போனாள்.

ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இரண்டு ஊர்களுக்கும் வந்து ஆடிக் கொடுத்தாள். மேளக்காரர்கள் பிழைப்பு கெடக் கூடாதாம். பிறகு முசிறிக்கே போய்விட்டாள்.

ஒரு வருடம் கழித்துத் தேடிப் போனேன். அண்ணன் வீட்டு வாசலில் வாழை இலை கட்டிக்கொண்டிருந்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். குழுவில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி விசாரித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"மரகதம், அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு போகவில்லை.

ஜவுளிக்கடை வாசலில் சிஸ்டர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். வேலை விஷயம் எப்படியோ மரகதத்தின் காதுக்குப் போய்விட்டது. இது போகவில்லை. பொறாமையில் நான் விழுங்கிவிட்டேன்.

முசிறிப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவள் இருந்தால், எனக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். சிஸ்டர் சொன்னதை மட்டும் அப்படியே சொல்லிவிடுங்கள்:

"அந்தப் பொண்ணு கட்டை கட்டியிருக்குங்கறதே எனக்கு மறந்துபோச்சு. இப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லன்னு அவகிட்ட சொல்லுங்க."