அமுக்குணி

கட்டைவிரலால் மெல்ல அமுக்கிப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டுதான். பழம் கொஞ்சம் இணங்கினால் ஒரு தலையசைப்பு. இல்லாவிட்டால் அடுத்த வாளி. மொட்டைமாடி முழுக்க ஓட்டை போட்ட பெயின்ட் வாளிகள்; ஒவ்வொன்றிலும் ஒரு தக்காளிச் செடி. ஒன்று காய்ப்பதுபோல் இன்னொன்று காய்ப்பதில்லை. விலா எலும்பு மாதிரி மடிப்பு விழுந்தது, மிளகாயாய் நீண்டது, கோலிக்குண்டு அளவில் கொத்தாகத் தொங்குவது, உள்ளே கூடு விழுந்து கனமே இல்லாதது. கடையில் கிடைக்கிற உருண்டைத் தக்காளிக்கு இங்கே இடமில்லை. "அது ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சி. அதை நான் வேற எதுக்கு வளக்கணும்?" என்பார்.

கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் தெருவுக்கு அவர் ஜெராக்ஸ்காரர். காலையில் பழைய மின்சார ஷேவரை ஓடவிட்டுப் பூக்காம்பில் வைத்து எடுப்பார். அந்த அதிர்வில் மகரந்தம் உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும். பக்கத்து மாடித் தையல்காரர் விடமாட்டார்.

"என்னண்ணே, இன்னைக்கு யாருக்கு ஷேவிங்?"

"வரிசையில நில்லுப்பா. உன் முறை வரும்."

பதில் மாறாது, முகமும் மாறாது. போன மழைக்காலத்தில் மனைவியைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்றும் அந்த முகம் அப்படியேதான் இருந்தது. "மனுஷனா, கல்லா?" என்று உறவுக்காரர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

மனைவி அவருக்கு வைத்த பெயர் வேறு. அமுக்குணி. எல்லாவற்றையும் உள்ளேயே போட்டு அமுக்கிக்கொள்கிறவர். அப்படி அமுக்கி வைத்ததில் பெரியது, சிவப்புக்கும் பச்சைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது என்பது. இரண்டும் ஒரே மங்கல் பழுப்பு. பெற்றவர்களிடம்கூடச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில், சிவப்புச் சட்டையை எடுக்கச் சொன்னபோதெல்லாம் பச்சைச் சட்டையை நீட்டியதில் அவள் கண்டுபிடித்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதன்பின் அவருடைய கண் அவளிடம் இருந்தது.

மாடிக்கு வந்து ஒவ்வொரு பழத்துக்கும் நிறம் சொல்வாள். "இது நனைஞ்ச செங்கல். இது ஆறிப்போன காயம். இது வெக்கத்தை மறைக்கத் தெரியாத கன்னம்." அவர் கடைக்கு இறங்குமுன் கைகளைத் திருப்பிப் பார்ப்பாள். தக்காளித் தழையைத் தொட்ட விரலில் பச்சைக் கறை ஒட்டும், அவருக்குத் தெரியாது. "போய்க் கழுவிட்டு வாங்க." இப்போது வாடிக்கையாளர்களின் நகல்களில் பச்சைக் கைரேகை விழுகிறது. யாராவது காட்டினால் வேறொன்று எடுத்துத் தருகிறார். காரணம் சொல்வதில்லை.

ஒரு வாளியில் தானாக முளைத்த செடி, பழுத்தாலும் பச்சையாகவே இருக்கிற பழம் தந்தது. அமுக்கினால்தான் பழம் என்று தெரியும். "அச்சு அசல் நீங்கதான்" என்று அதற்கும் அமுக்குணி என்றே பெயர் வைத்தாள். கடைசியாக விதை எடுத்துக் காயவைத்துப் பொட்டலம் கட்டியதும் அவள்தான். "தேனீ வேற செடி மகரந்தத்தைக் கலந்துவிட்டிருந்தா சிலது செகப்பாப் போயிடும். பச்சையாப் பழுக்கற செடியில மட்டும்தான் விதை எடுக்கணும். காய்க்கட்டும், நான் பாத்துச் சொல்றேன்."

சொல்ல அவள் இருக்கவில்லை. பொட்டலம் முழுவதையும் விதைத்தார். நான்கு செடி தேறியது. நான்கிலும் பழம் விரலுக்கு இணங்கியது. தின்று பார்த்தார்; நாக்குக்கும் நிறம் தெரியவில்லை. தெருவில் போகிற யாரைக் கூப்பிட்டாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். கூப்பிட வாய் வரவில்லை. அடிக்கொத்துப் பழங்கள் வெடித்து விழ ஆரம்பித்தன. தப்பான பழத்தில் விதை எடுத்தால் அவள் ரகம் அத்தோடு முடிந்தது.

வாரம் ஒருமுறை மனைவியின் தங்கை வந்து சமையலறையைச் சரிசெய்துவிட்டுப் போவாள். அன்று செடிக்கு ஒன்றாக நான்கு பழங்களை, வாளி வரிசைப்படியே, மேசையில் வைத்திருந்தார்.

"ஏன் மாமா, மூணு பழத்தோட ஒரு காயையும் பறிச்சு வச்சிருக்கீங்க? அது பழுக்கற வரைக்கும் பொறுக்காதா?"

அவர் எழுந்துவிட்டார். "எதும்மா காய்?"

"எதுவா? கண்ணுக்கு எதிரே இருக்கு. என்ன, விளையாடறீங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா. செகப்பு, பச்சை எனக்கு எப்பவுமே தெரியாது. உங்கக்காதான் சொல்லுவா."

அவள் குழாயை மூடினாள். அவரையும் பழங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மூன்றாவதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அமுக்கினார். இணங்கியது.

"இத்தனை வருஷத்துல அக்கா எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே மாமா." சிரிக்கப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நல்லாச் சேந்தீங்க, ரெண்டு அமுக்குணியும்."

மாடியில், தலைமுடியிலிருந்த ரப்பர் பேண்டை உருவிக் காட்டினாள். "இது என்ன கலர்?"

"நீலம். அது என்னை ஏமாத்தாது."

மூன்றாவது செடியின் தண்டில் அதை மாட்டினாள். மீதி மூன்றிலும் பழம் பழமாக அவள் நிறம் சொல்ல, அவர் இலைகளை விலக்கி விலக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கடை திறக்கிற நேரம். படி இறங்கப் போனவர் நின்றார். திரும்பி வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் அவள் முன்னால் விரித்தார். பிறகு புறங்கையும் தெரியத் திருப்பிக் காட்டினார்.