மூன்று நிமிடக் கொலம்பியாக்காரி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் மூன்று நிமிடம் கொலம்பியாக்காரியாக இருந்தேன். சுவிஸ் நாட்டின் பாதிச் சனம் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பீற்றிக்கொள்வார்கள். பாதிச் சனம் பார்த்ததோ என்னவோ எனக்குத் தெரியாது. பார்த்திருக்கத் தேவையே இல்லாத இரண்டு பேர் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து பார்த்தார்கள்.

மார்த்தா அன்ரியும் அவருடைய மகள் கமிலாவும்தான் அந்த இரண்டு பேர். கொலம்பியாவிலிருந்து வந்தவர்கள். பீல் நகரத்தில் நாங்கள் மூன்றாம் மாடி, அவர்கள் நான்காம் மாடி. அம்மாவும் மார்த்தா அன்ரியும் ஒரே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து, சின்னச் சாமணத்தால் மணிக்கூடுகளுக்கு முள்ளுப் பூட்டுகிறவர்கள். நாலரைக்கு வேலை முடிந்தால் ஒரே பஸ்ஸில் வந்து, சப்பாத்தைக் கழற்றியும் கழற்றாமலும் மார்த்தா அன்ரி வீட்டு ரீவிக்கு முன்னால் போய் விழுவார்கள். சற்றலைட்டில் ஒரு ஸ்பானிய நாடகம் போகும். தெலநோவெலா என்று அதற்குப் பெயர். அம்மாவுக்கு ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் யார் யாருடைய உண்மையான மகள், எந்தக் கடிதத்தை எவள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் மார்த்தா அன்ரிக்கு முதலே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். "கண்டறியாத நாடகம்" என்று அப்பா புறுபுறுப்பார். அப்பா உணவகத்துச் சமையலறையில் வேலை செய்தபடியால் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார். ஆகவே அந்தப் புறுபுறுப்பால் ஒரு பாதிப்பும் இல்லை.

அந்த நாடகத்தில் கதாநாயகி எப்போதும் கோதுமை மாப் போல வெள்ளையாக இருப்பாள். கறுத்தவர்கள் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் அம்மா, உங்கட நாட்டுச் சனம் முழுக்க வெள்ளையோ என்று தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் கேட்டார். மார்த்தா அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஊரில் உன்னுடைய மகளின் நிறத்தில் எத்தனையோ பேர், ஆனால் ரீவிக்காரருக்கு அவர்களைக் குசினிக்குள் மட்டும்தான் தெரியும் என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஏனென்றால் அந்த நிறத்தைப் பற்றி நான் கேட்காத பேச்சில்லை. கமிலாவோ பச்சைக் கண்ணும் செம்பட்டைத் தலைமயிருமாக இருப்பாள். அம்மா அவளைக் "கமலா" என்றுதான் கூப்பிடுவார். பேர்ண் கோயிலுக்கு அவளும் எங்களோடு வந்தால் போதும், எங்கள் சனத்துப் பெண்கள் எல்லாம் அவளுடைய கன்னத்தைக் கிள்ளி, என்ன வடிவான பிள்ளை என்று உருகுவார்கள். பிறகு ஏதோ கடமைக்கு என் பக்கம் திரும்பி, கறுப்பென்றாலும் இவளுக்கு முகவெட்டு இருக்கு என்பார்கள். அந்த "என்றாலும்" எனக்கு எரிச்சலாக இருக்கும். நானும் கமிலாவும் நாடகம் போட்டு விளையாடும்போதும் அவள்தான் கதாநாயகி. தட்டுக் கொண்டுவருவது நான்தான். அதை இருவரும் ஒருநாளும் பேசித் தீர்மானிக்கவில்லை, அது அப்படித்தான் இருந்தது.

பீலில் ஒரு பொலிஸ் தொடர் எடுக்கப்போகிறார்கள், அதற்கு லத்தீன் அமெரிக்கச் சிறுமி ஒருத்தி வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு அறிவித்தல் துண்டு கொடுத்தார்கள். கமிலா அந்தத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். ரீவியில் வந்தால் கொலம்பியாவில் இருக்கும் தன்னுடைய அப்பா எப்படியாவது பார்ப்பார், பார்த்தால் ரெலிபோன் எடுப்பார் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவர் எடுத்து இரண்டு வருடமாகியிருந்தது. நடிகர் தெரிவுக்கு நானும் அம்மாவும் துணைக்குத்தான் போனோம்.

அங்கே கையில் படிவத்தோடு ஒரு பெண் வாசலில் நின்றாள். எங்கள் நாலு பேரையும் பார்த்தாள். நேரே அம்மாவிடம் வந்து, நீங்கள் லத்தீன் அமெரிக்காவோ, இந்தப் பிள்ளைதானே என்று என்னைக் காட்டிக் கேட்டாள். அம்மா "ஓம்" என்று பிரெஞ்சில் சொல்லித் தலையாட்டினார். இதை விளங்கப்படுத்த வேண்டும். அம்மா அகதியாக வந்து ஏழு வருடம், எந்த நேரமும் திருப்பி அனுப்பக்கூடிய தற்காலிக எஃப் விசாவில் இருந்தவர். படிவமும் பேனையுமாக ஒருவர் முன்னால் வந்து நின்றால் அம்மாவின் தலை தானாக மேலும் கீழும் ஆடும். கேள்வி பிறகுதான் காதில் ஏறும். அன்றைக்கும் அதுதான் நடந்தது. ஆனால் கேள்வி காதில் ஏறிய பிறகும் அம்மா அதைத் திருத்தவில்லை.

முதலில் கமிலாவைக் கூப்பிட்டார்கள். உன்னுடைய அம்மாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறது, நீ என்ன சொல்வாய் என்று கேட்டார்கள். அவள் வீட்டில் தாயோடு கதைப்பது மாதிரியே, மெல்லிய குரலில் ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். நீ உண்மையாகவே கொலம்பியாவோ என்று ஒருவர் கேட்டார். வடிவான பிள்ளை, ஆனால் சனம் நம்பாது என்று இன்னொருவர் அவளுக்கு முன்னாலேயே சொன்னார். அவளுக்குப் பிரெஞ்சு விளங்காது என்று நினைத்தார்களாக்கும். வகுப்பில் பிரெஞ்சில் முதலாம் பிள்ளை அவள்.

பிறகு நான். மூன்று வருட நாடகம் எனக்குள் பாடமாகிக் கிடந்தது. அர்த்தம் பாதிதான் தெரியும், அழுகை முழுக்கத் தெரியும். நிலத்தில் முழங்காலில் விழுந்தேன், நெஞ்சில் அடித்தேன், வானத்தைப் பார்த்துக் கடவுளையும் மாதாவையும் கூப்பிட்டேன். இயக்குநர் எழும்பிக் கைதட்டினார். இதுதான், இந்த இரத்தம்தான் எனக்கு வேண்டும் என்றார். எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பஸ்ஸில் கமிலா கண்ணாடிப் பக்கம் திரும்பியபடியே வந்தாள். வீட்டில் அப்பா, போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாருங்கோ, அது அந்தப் பிள்ளையின்ர இடம் என்றார். அம்மா அப்பாவை எதிர்த்துக் கதைத்து நான் அதிகம் கண்டதில்லை. அன்றைக்குக் கதைத்தார்.

"இந்த நிறத்துக்காக இவளை ஒருத்தரும் ஒண்டுக்கும் தெரிஞ்செடுத்ததில்லை. முதல்தரம் எடுத்திருக்கினம். அதை நான் போய் வேண்டாமெண்டு சொல்லமாட்டன்."

அடுத்த கிழமை அம்மா மேலே போய், பிள்ளைக்கு வசனம் சொல்லிக்கொடுக்கச் சொல்லி மார்த்தா அன்ரியிடமே கேட்டார். அந்தத் துணிவை நினைத்தால் இப்போதும் என் காது சுடும். மார்த்தா அன்ரி மறுக்கவில்லை. மூன்று கிழமை தன்னுடைய குசினி மேசையில் வைத்து எனக்கு அந்த நாலு வசனத்தையும் பழக்கினார். கமிலா அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். நான் நெஞ்சில் அடிக்கத் தொடங்கினால் அன்ரி என் கையைப் பிடித்து மேசையில் வைப்பார்.

"பொலிஸ் வந்து நிக்கேக்க பிள்ளையள் கத்தாதுகள். அம்மாவின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு பேசாமல் நிக்குதுகள். கமிலா அப்பிடித்தான் நிண்டவள்."

கமிலா எப்போது அப்படி நின்றாள், ஏன் நின்றாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு என்னுடைய வசனம்தான் முக்கியமாக இருந்தது.

படப்பிடிப்புக்கு முதல் பேர்ண் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். விபூதி சந்தனத்தோடேயே படப்பிடிப்பு இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அதை ஈரத்துணியால் துடைத்து, என் தோட்டைக் கழற்றிப் பெரிய வளையத்தை மாட்டி, கழுத்தில் ஒரு சிலுவையைப் போட்டாள். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். நான் முதலில் மார்த்தா அன்ரி பழக்கியபடி பேசாமல் நின்று, மெல்லமாக வசனத்தைச் சொன்னேன். இயக்குநர் இல்லையென்று தலையை ஆட்டினார். அன்றைக்குச் செய்தாயே, அப்படிச் செய் என்றார். செய்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிசன் கண்ணைத் துடைத்தார்.

தொடர் ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் காலடி வைக்க இடமில்லை. மாமா, சித்தி, சித்தப்பா, பிள்ளைகள் எல்லாரும் வந்தாயிற்று. அம்மா ரோல்ஸ் பொரித்து அடுக்கியிருந்தார். மார்த்தா அன்ரியும் கமிலாவும் ஒரு கேக்கோடு வந்தார்கள். எங்களுக்குக் கதை தெரியாது. என்னுடைய பகுதி அடங்கிய ஒரே ஒரு தாளைத்தான் எங்களுக்குத் தந்திருந்தார்கள்.

கதை இதுதான். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு கொலம்பியாக்காரி மணிக்கூடுகளின் தங்க உறைகளைக் களவெடுத்து, மகளின் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வைக்கிறாள். பொலிஸ் வந்து பையைக் கொட்டுகிறது. உறைகள் நிலத்தில் உருள்கின்றன. தாயை விலங்கு போட்டுக் கொண்டுபோகிறார்கள். மகள் முழங்காலில் விழுந்து ஊரைக் கூட்டுகிறாள்.

வீடு அதிர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மாமா என்னைத் தூக்கி, அச்சு அசல் கொலம்பியாக்காரி என்று கத்தினார். மார்த்தா அன்ரி ரோல்ஸ் தட்டை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார். கமிலா என் காதுக்குக் கிட்ட வந்து பிரெஞ்சில் சொன்னாள்.

"நாங்கள் களவெடுக்கிறதில்லை."

பொறாமை என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், நினைத்துச் சந்தோஷமும் பட்டேன். அவளுடைய அப்பாவைப் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை.

அதற்குப் பிறகு தொழிற்சாலையில் பகிடி தொடங்கியது. தொடரில் வந்த அந்தக் களவாணியின் பெயரைச் சொல்லி மார்த்தா அன்ரியைக் கூப்பிட்டார்களாம். இரண்டு கிழமை போக, அது பகிடியாக இல்லாமல் போய்விட்டது. வேலை முடிந்து போகும்போது வாசலில் மேற்பார்வையாளர் மார்த்தா அன்ரியின் பையைத் திறக்கச் சொன்னாராம். அடுத்த நாளும் சொன்னாராம். பின்னால் நின்ற அம்மாவும் தன் பையைத் திறக்கப் போக, நீங்கள் தமிழாக்கள், உங்களில் பிரச்சினை இல்லை, போங்கோ என்று கையைக் காட்டினாராம். இதை அம்மா சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் சொன்னார். நீர் என்ன சொன்னனீர் என்று அப்பா கேட்டார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வந்திட்டன் என்றார். நான் மீனில் முள்ளு எடுத்துக்கொண்டிருந்தேன். பையில் ஒன்றும் இல்லையென்றால் திறந்து காட்ட வேண்டியதுதானே என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

அம்மா நாலாம் மாடிக்குப் போவது நின்றுபோனது. நாலரை பஸ்ஸில் தனியாக வந்தார். கோடை விடுமுறை தொடங்க முதல் மார்த்தா அன்ரி வேலையை விட்டுவிட்டு ஜெனீவாவில் இருந்த ஒரு சொந்தக்காரரிடம் போனார். பெட்டிகளை இறக்கும்போது கமிலா சாமான் ஏற்ற வந்த வானுக்குள் ஏறி இருந்துவிட்டாள். நான் கை காட்டினேன், அவள் பார்க்கவில்லை. அன்ரிதான் கடைசிப் பெட்டியைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, குனிந்து என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார்.

"நீ நல்லா நடிச்சாய். எல்லாரும் நம்பியிட்டினம்" என்றார்.

எனக்குப் பழக்கியவர், உண்மையான கொலம்பியாக்காரி, அவரே சொல்லிவிட்டார். இதற்கு மேல் ஒரு பாராட்டு இருக்கிறதா? நான் நன்றி சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாகத் தாண்டி மூன்றாம் மாடிக்கு ஓடினேன். அம்மா குசினியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றார். மார்த்தா அன்ரி சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா திரும்பவில்லை. திரும்பவும் சொன்னேன். அம்மா பைப்பை இன்னும் கூடத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லையாக்கும் என்று, கிட்டப் போய் நின்று, மூன்றாம் தரமும் உரத்துச் சொன்னேன்.