சூடு ஆறாத காபித்தூள்

மின்சார ரயிலில் பக்கத்திலிருந்தவரின் பையிலிருந்து புதிதாக அரைத்த காபித்தூள் மணத்தது; குரோம்பேட்டையில் இப்போது இல்லாத எங்கள் கடைக்குள் போய்விட்டேன். மெஷின் இரைச்சலை மீறி அப்பா, "வழக்கமானதுதானே சார்?" என்று கத்துவார், எந்த வீட்டுக்கு எவ்வளவு சிக்கரி என்பது அவருக்கு மனப்பாடம்.

அனுபவமில்லாத இளம் தம்பதி அப்பாவிடமிருந்து கடையை வாங்கி, எல்லோருக்கும் ஒரே கலவையைப் பாக்கெட் போட்டு அடுக்கியபோது, வாடிக்கையாளர்கள் முகம் சுளித்துத் திரும்பினார்கள்.

"பாக்கெட் வேணாம்மா. ஒவ்வொருத்தரையும் கேட்டுக் கேட்டு அரை, தானா மனசுல நிக்கும்," என்று அந்தத் தம்பதியில் மனைவியான அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தார் அப்பா.

சில மாதங்கள் கழித்து, வீட்டுக்குத் தூள் வாங்க அப்பாவோடு வரிசையில் நின்றேன்.

எங்கள் முறை வந்ததும் அக்கா அப்பாவைப் பார்த்து, மெஷின் இரைச்சலை மீறிக் கத்தினார்: "வழக்கமானதுதானே சார்?"

அப்பா சட்டைக் காலரை நீவிக்கொண்டு, பின்னால் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.