ஈரோட்டில் திரும்பிய ரயில்

சேலத்திலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போயிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் போனார்கள். ரயிலில்தான் போவேன் என்று அடம் பிடித்தவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதுவரை யாரும் ரயில் ஏறியதும் இல்லை. அதிலும் நானே முதலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

திருச்சியில் ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. குறிப்பிட்ட நாளில், மாலை நான்கு மணிக்குள், அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு இடம் போய்விடும் என்று கடிதம் சொன்னது. அதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான்கு முறை வாசித்துக் காட்டினேன். வாசிக்க வாசிக்க எனக்கே என் மேல் மரியாதை கூடியது.

முந்தின நாளே எங்கள் மலை ஊரிலிருந்து இறங்கிச் சேலத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலை ரயிலைப் பிடித்தோம். சான்றிதழும் கடிதமும் இருந்த பை அம்மாவிடம். அப்பாவிடம் ஒரு பலாப்பழம். "எடங் குடுக்கறவங்க முன்னால வெறுங்கைய வீசிட்டுப் போயி நிக்கறதா?" என்று தோட்டத்திலிருந்து அறுத்துக்கொண்டு வந்திருந்தார்.

ரயில் கிளம்பியதும் இருவரும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார்கள். எங்கள் மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவு வரும்போது குமட்டாமலிருக்கச் செய்வது அது. சங்ககிரி தாண்டியும் ஒரு வளைவுகூட வரவில்லை.

"வளைவு எப்பக் கண்ணு வரும்?" என்றார் அப்பா.

"ரயிலுக்கு அந்த மாதிரி வளைவெல்லாம் கெடையாதுப்பா."

"அப்பறம் எப்படித் திரும்பும்?"

"ரயில் திரும்பாது. நேராத்தான் போகும்," என்றேன், ஏற்கெனவே ஆசிரியை ஆகிவிட்ட குரலில். எதிர் இருக்கையில் கொடுமுடிக் கோயிலுக்குப் போகும் அம்மாள் ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஈரோட்டில் ரயில் வெகு நேரம் நின்றது. எஞ்சினைக் கழற்றியதை நான் கவனிக்கவில்லை. குடிநீர்க் குழாய்க்கு மேல் மூன்று மொழிகளில் எழுதியிருந்ததில் எனக்குத் தெரிந்த இரண்டைப் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு குலுக்கல். ரயில் நகர்ந்தது, வந்த வழியே திரும்பி.

எங்கள் மலையில் மழைக்காலத்தில் எங்கள் ஊருக்கு வரும் நாகலூர் பஸ்ஸுக்கு முன்னால் மரம் விழுந்து கிடக்கும். டிரைவர் ஒன்றும் சொல்லமாட்டார், பஸ்ஸைத் திருப்புவார். திரும்புகிறது என்று தெரிந்த கணமே குதித்துவிட வேண்டும். யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பஸ் பின்னால் போகிற தூரத்தையும் சேர்த்து நடக்க வேண்டியதுதான். இது எங்கள் கால்களுக்குப் பழகிய காரியம். மூளையைக் கேட்பதில்லை.

"மரம் உழுந்திருச்சு, எறங்கு!" என்று பலாப்பழத்தை என் மடியில் வைத்துவிட்டு அப்பா குதித்தார். அம்மா அவருக்கு முன்பே பையோடு பிளாட்பாரத்தில் நின்றாள்.

எனக்கும் கால் கிளம்பியது. மடியில் இருந்த பலாப்பழம் விடவில்லை. எழுவதற்குள் கொடுமுடி அம்மாள் என் கையைப் பிடித்தார். "எங்க ஓடறே சாமி? இங்க எஞ்சினை அந்தப் பக்கம் மாட்டிக் கரூர்ப் பாதையில உடுவாங்க. எப்பவும் நடக்கறதுதானே!"

நான் ஜன்னலில் கத்தினேன். "ஏறுங்கப்பா! திருச்சிக்குத்தான் போகுது!"

அப்பா ரயிலோடு கூடவே நடந்தபடி, பொறுமையாகப் பதில் சொன்னார். "சேலத்துக்குப் போகுது கண்ணு. எறங்கு, நடந்தரலாம்."

"திருச்சிக்கு நடக்கறதா?"

"பின்ன? கேட்டா யாராச்சும் வழி சொல்ல மாட்டாங்களா?"

"எஞ்சினை மாத்தியிருக்காங்கப்பா!"

"ரயில் திரும்பாதுன்னு நீதானடி சொன்னே?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

தலைக்கு மேல் அபாயச் சங்கிலி. "இழு சாமி!" என்றார் கொடுமுடி அம்மாள். சங்கிலிக்குக் கீழே ஓர் அறிவிப்பு இருந்தது. அறிவிப்பு இருந்தால் அதைப் படிக்காமல் எனக்கு அடுத்த வேலை ஓடாது. தகுந்த காரணமில்லாமல் இழுத்தால் தண்டனை உண்டாம். தமிழில் படித்துவிட்டு, இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா என்று ஆங்கிலத்திலும் படித்தேன். பெற்றோர் மரம் விழுந்துவிட்டதாக நம்பி இறங்கிவிடுவது தகுந்த காரணமா? யோசித்து முடித்தபோது பிளாட்பாரமும் முடிந்திருந்தது.

"நொம்பப் படிச்ச புள்ளையோ?" என்றார் அவர்.

"ஆமாங்க," என்றேன்.

சான்றிதழ் ஈரோட்டில், நான் பலாப்பழத்தோடு ரயிலில். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிப் போகலாம். ஆனால் அவர்கள் அங்கேயே நிற்பார்களா, எந்தத் திசையில் நடப்பார்கள்? திருச்சிக்குப் போய்க் காலில் விழுந்தாவது ஒரு நாள் அவகாசம் கேட்பது என்று முடிவு செய்தேன். கொடுமுடி வரை அழுதேன். அதற்கப்புறம் தென்னைகளுக்கு நடுவே காவிரி விட்டுவிட்டுத் தெரிந்தது. குமட்டல் இல்லை, காற்று முகத்தில் அடித்தது, காலை நீட்ட இடம் இருந்தது. என் வாழ்க்கை கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில் ரயில் பயணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு ஸ்டேஷனே இல்லாத ஒரு வயல் நடுவே ரயில் முக்கால் மணி நேரம் நின்றது. ஓர் எருமை வந்து என்னையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அப்போது பிடிக்கவில்லை.

திருச்சியில் டவுன் பஸ் பிடித்து, நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பழத்தைக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் ஓடினேன். உள்ளே பெஞ்சில் அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டுக் கை கழுவிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கடிதத்தைக் கண்டக்டரிடம் காட்டி, பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்களாம். அப்பா என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நீங்க வரமாட்டீங்கன்னுல்ல உங்கப்பா சொன்னார்?" என்றார் கிளார்க்.

"அது ஏறுன ரயிலு சேலத்துக்குத் திரும்பிருச்சுங்க. எறங்குன்னேன், பிடிவாதக்காரிங்க," என்று அப்பா மறுபடி விளக்கினார்.

மேசைமேல் பட்டியல். என் பெயருக்கு எதிரே பென்சிலில் 'வரவில்லை'. அடுத்த பெயருக்குரிய பெண் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு நின்றாள். கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார்.

"அதைக் கீழ வெச்சுட்டுக் கையெழுத்துப் போடும்மா," என்று ரப்பரை எடுத்தார்.

என் பெயரில் ஓர் எழுத்துகூடக் குறைக்காமல் போட்டேன். பக்கத்தில் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஈரோட்டுத் தண்டவாளத்தைச் சுவரில் கரியால் வரைந்து அப்பாவுக்கு இரண்டு முறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். போன வாரம்கூட எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சேலத்துக்கே திரும்பிப் போன ரயிலுங்க. நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போடோணும்னு, அதட்டித் திருச்சிக்கு ஓட்டிட்டு வந்திருச்சுங்க எம்புள்ள."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மறுக்கவில்லை.