வயது எழுதாத கொப்பி

ஊசி போடுகிற உத்தியோகத்தில் ஆக லேசான வேலை ஊசி போடுவதுதான். மற்றதெல்லாம் தலையிடி.

பிள்ளையின் கொப்பிக்குள் பள்ளிக்கூடம் அனுப்பிய ஊசித் துண்டைக் கண்டு, ஒப்பம் வைப்பதா விடுவதா என்று முழுசிய பெற்றோர் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அந்தத் துண்டை அனுப்பிவிட்டு மறுபக்கம் நின்று முழுசியவன் நான். மட்டக்களப்பில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சனங்களுக்கு 'பி.எச்.ஐ. சேர்'.

எங்களிடம் சட்டம் இருந்தது. அழுக்குக் கிணற்றை மூடலாம், ஈ மொய்க்கிற கடைக்கு வழக்கு வைக்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும்போது ஊசி அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக் குத்து என்று ஒரு வரியும் கிடையாது. தாய் தகப்பன் மனம் வைத்து ஒப்பம் வைக்க வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இதில் பெரிய கொதி. சட்டம் என்றால் சட்டம் மாதிரி இருக்க வேண்டாமா? அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பும் வருகிறது, ஏக்கமும் வருகிறது. மறைப்பானேன்!

திறந்த பெட்டி

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நாங்கள் வேலை செய்த கந்தோர் எழுவான்கரையில், கடலோரம். என் பொறுப்பில் இருந்த ஒரு பள்ளிக்கூடம் மட்டும் மறுகரையில், வேம்படிச்சேனையில் இருந்தது. அப்போது இந்தக் கரை ஆமியிடம், அந்தக் கரை இயக்கத்திடம். கடக்க வேண்டுமென்றால் 'பாதை'யில் ஏறவேண்டும். ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்களூரில் பாதை என்றுதான் பெயர்.

தடுப்பு மருந்தை ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டு போகவேண்டும். மூடியைத் திறந்தால் குளிர் போகும், குளிர் போனால் மருந்து போகும். முதல் தரம், வேறொரு மருந்தோடு போனபோது, துறையடியில் நின்ற ஆமிக்காரனிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சினேன். அவன் திறந்து, விரலால் ஐஸைத் தொட்டுப் பார்த்துத்தான் விட்டான். சரி, ஒரு தரம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அக்கரையில் இறங்கினேன். அங்கே துவக்கோடு நின்ற இயக்கப் பொடியன் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "தம்பி, அவங்கள் ஏற்கெனவே திறந்து பாத்திட்டாங்கள், இனியும் திறந்தா மருந்து பழுதாகும்" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது.

"அவங்கள் பாத்தவங்களோ? அப்ப நாங்களும் பாக்கத்தான் வேணும்."

வந்த மாப்பிள்ளை

அடுத்தது ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசி. ஒவ்வொரு வீட்டுக்கும் துண்டு அனுப்பினேன். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, கீழே 'தகப்பன் ஒப்பம்' என்று ஒரு கோடு. பத்து நாளில் எல்லாத் துண்டும் திரும்பி வந்தது, ஒன்றிலும் ஒப்பம் இல்லை.

எனக்குக் கொதி ஏறிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போனேன். முதல் வீட்டில் ஒரு மனிசன் வயல் வட்டைக்குப் போகத் தோளில் மண்வெட்டியோடு நின்றார். ஏன் ஒப்பம் வைக்கவில்லை என்று அதட்டினேன். பாவம், அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனம், பிள்ளை தாயின் குடி. தாலி கட்டிய கையோடு ஆம்பிளை அங்கே போய் இருப்பான். நானும் கல்லடியில் மனிசியின் வீட்டில்தான் இருக்கிறேன். என் வீட்டில் ஒரு கதிரையை இடம் மாற்றவும் எனக்கு உரிமை இல்லை. இதெல்லாம் தெரிந்தும், அரசாங்கத் துண்டை அடிக்கும்போது மட்டும் மூளை எங்கேயோ போய்விட்டது.

"சேர், நான் இஞ்ச வந்த மாப்பிள. கோழியைக் கூட்டில அடைக்கிறதெண்டாலும் மனிசிட்டக் கேட்டுத்தான் அடைக்கிறன்."

யோகம்

ஆக, தாய்மாரைப் பிடிக்கவேண்டும். தாய்மார் எல்லாரும் ஒரு பெயரைத்தான் சொன்னார்கள். "யோகம் அக்கா வைச்சா நாங்களும் வைப்பம்."

யோகம் மெலிந்த மனிசி, கதை சுருக்கம். மகள் நிலானி எட்டாம் வகுப்பு. எங்கள் மிட்வைஃப் ஜெசீமா மிஸியையும் கூட்டிக்கொண்டு போனேன். மிஸி காத்தான்குடி, முஸ்லிம் ஊர். கல்லுக்கும் கதை சொல்லிக் கரைக்கிற ஆள். இது ருபெல்லா ஊசி, அந்தக் காய்ச்சல் நமக்கு வந்தால் மூன்று நாளில் போய்விடும், ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் கண்ணையும் காதையும் கெடுத்துவிடும், நாளைக்கு நிலானியும் ஒரு தாயாகிறவதானே என்று மிஸி அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினா.

யோகம் எல்லாவற்றையும் கேட்டா. பிறகு துண்டைத் திருப்பி, பிறந்த திகதி என்ற வரியில் விரலை வைத்தா. அவவின் மூத்த மகனை முந்தின வருசம் இயக்கம் கொண்டு போயிருந்தது. யாரோ எங்கேயோ எழுதி வைத்த வயது லிஸ்டைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வந்தார்களாம். அவவுக்கு ஊசியில் பயமில்லை, எங்கள் பேனாவில்தான் பயம்.

"ஊசிய எத்தின எண்டாலும் குத்துங்க சேர். வயச மட்டும் எழுதாதீங்க."

கத்தரிக்கோல்

பாதையில் திரும்பி வரும்போது என் ஊசிக் கொப்பியை மடியில் விரித்துப் பார்த்தேன். கொப்பியில் பெயரும் வயதும் எழுதவேண்டும் என்பது விதி. எழுதினால் நிலானிக்கு ஊசி இல்லை, அந்த ஊரில் ஒரு பிள்ளைக்கும் இல்லை. அதைவிட, நான் எழுதிய கொப்பி நாளைக்கு யார் கையில் போகும்? கொப்பியை மூடிவிட்டேன்.

மிஸி தன் பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தா. துண்டுகளைத் தொடையில் அடுக்கி வைத்து, பிறந்த திகதி வரியை ஒவ்வொன்றாய் வெட்டி எடுத்தா. கொப்பியில் பெயரும் வேண்டாம், வயதும் வேண்டாம், வகுப்புக்கு நேரே ஒரு பிள்ளைக்கு ஒரு கோடு போதும் என்றா. போட்ட ஊசியை எழுதிய அட்டை தாயின் கையில் இருக்கட்டும். படிப்பு விட்டு விட்டு வந்த ஊர் அது, எட்டாம் வகுப்பில் பன்னிரண்டும் இருக்கும், பதினாறும் இருக்கும். வகுப்பை வைத்து வயதை யாரும் பிடிக்க முடியாது.

அடுத்த நாள் எங்கள் வைத்திய அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னேன். பென்சன் கிட்டிய மனிசன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், வெட்டிய துண்டைப் பார்த்தார்.

"விதிப்படி இது பிழை. மருந்துப்படி சரி. நீர் இதை எனக்குக் காட்டவும் இல்ல, நான் பாக்கவும் இல்ல."

கதவு திறந்த கிழமை

எல்லாம் சரி என்று திகதி குறித்தேன். நான் திகதி குறித்த கிழமை மிஸி லீவு, அவவைக் கேட்காமலே குறித்துவிட்டேன். ஊசி நாளன்று நானும் மிஸியும் பெட்டியோடு போய் இறங்கினால், பள்ளிக்கூடத்தில் ஒரு குருவி இல்லை. ஊரெல்லாம் வேப்பிலை, தூரத்தில் பறைச்சத்தம். எனக்கு அழாத குறை. இவ்வளவு பாடுபட்டும் யோகம் ஏமாற்றிவிட்டாவே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மிஸி வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. வைகாசி மாதம். கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திச் சடங்குக்குச் சனம் கூடுகிற கிழமை. அந்தச் சடங்கு முடியும் வரைக்கும் அவ்வூரில் பிள்ளைகளுக்கு மருந்து, ஊசி என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே குளிர்த்திக்குப் போனவன்தான் நான்.

"நீங்க தமிழாக்கள்தானே சேர்? காத்தான்குடியில இரிக்கிற எனக்கே தெரியும்!"

எட்டாம் வகுப்பு

சடங்கு முடிந்து இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் போனோம். இந்த முறை வாசலில் தாய்மார் வரிசை. முன்னுக்கு யோகம், அவவின் கையைப் பிடித்தபடி நிலானி. யோகம் ஒப்பத்தை எழுத்துக் கூட்டி, நிதானமாய் வைத்தா. நான் துண்டை வாங்கி இரண்டு தரம் பார்த்தேன்.

மிஸி பஞ்சால் நிலானியின் கையைத் துடைத்தா. வழமையாய்ப் பிள்ளைகளுக்குப் பராக்குக் காட்டக் கேட்கிற மாதிரி, "எத்தின வயசு மகள்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டா. கேட்டதும் நாக்கைக் கடித்தா. வரிசையில் நின்ற தாய்மார் எல்லாரும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை தாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டில் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

"எட்டாம் வகுப்பு, மிஸி."

கடல் வந்த பிறகு

அந்த வருசக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. சுனாமி. எங்கள் கந்தோர் இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிச்சம். என் தங்கச்சியின் சின்ன மகள் போய்விட்டாள். அவளுக்கு முதல் ஊசி போட்ட அன்றைக்குத் தூக்கி வைத்திருந்தவன் நான். அதை எழுத இன்றைக்கும் என்னால் முடியவில்லை.

முகாமாய் மாறிய ஒரு பள்ளிக்கூடத்தில் கிணறுகளுக்குக் குளோரின் போட்டுக்கொண்டு, இருக்கிற பிள்ளைகளைக் கணக்கெடுத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, படுவான்கரைச் சனம் சோறு சமைத்து உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தது. அதில் யோகமும் வந்திருந்தா. என்னைத் தேடி, வகுப்பறை மூலையில் குந்தியிருந்த இடத்தில் கண்டுபிடித்தா. பக்கத்தில் வந்து இருந்தா. வாழையிலைப் பொட்டலத்தை அவிழ்த்து என் மடியில் வைத்தா. இன்றைக்கும் என் காதில் இருக்கிற குரல் அது.

"முதல்ல தின்னுங்க சேர். திண்டுபோட்டு அழுங்க."

மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள்

தகரக் கொட்டிலில் கந்தோர் திரும்பத் தொடங்கியது. வேம்படிச்சேனைக்கு அடுத்த வருசமும் கோடு போட்ட கொப்பிதான். ஒரு மத்தியானம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று நான் கேட்கவில்லை. அப்போது அப்படிக் கேட்கிற வழக்கமும் இல்லை. வேம்படிச்சேனைப் பிள்ளைகளின் ஊசிக் கொப்பி வேண்டும் என்றார்கள்.

இப்போது கதையாய்ச் சொல்கிறேன், அன்றைக்கு அது கதையாய் இருக்கவில்லை. நிலானி கண்ணுக்குள் வந்து நின்றாள். கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். ஒருத்தன் பக்கம் பக்கமாய்ப் புரட்டினான். ஏழாம் வகுப்பு, கோடு, கோடு, கோடு. எட்டாம் வகுப்பு, கோடு, கோடு. பேர் எங்கே என்றான். போட்ட ஊசியின் தொகைதான் எங்களுக்கு வேணும், பேர் எழுதுறதில்ல என்றேன். கொப்பியை மேசையில் போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"சின்னப்பிள்ளையள் மாதிரிக் கோடு கீறுறதுக்கோ சேர் உங்களுக்குக் கவுண்மேந்துச் சம்பளம்?"

நடமாடும் சேவை

பிறகு சண்டை படுவான்கரைக்கு வந்தது. வேம்படிச்சேனை முழுக்க வாவியைக் கடந்து எங்கள் பக்கம் கூடாரங்களில் கிடந்தது. திரும்பிப் போனபோது வீடுகளில் கூரையும் இல்லை, பெட்டிகளில் பத்திரமும் இல்லை. ஒரு வழியாய் யுத்தம் முடிந்தது என்றார்கள். யோகத்தின் மூத்தவன் வரவில்லை.

பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை தொலைத்தவர்களுக்காக அதே பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை வைத்தார்கள். எனக்கும் ஒரு மூலையில் மேசை தந்தார்கள். வாசலில் பொலிஸ், உள்ளே நிரம்பிய சனம். பக்கத்து மேசைக்கு யோகமும் நிலானியும் வந்தார்கள். அடையாள அட்டை இல்லாமல் நிலானி சோதனை எழுத முடியாது. வளர்ந்து, தாயைவிட ஒரு சாண் உயரமாய் நின்றாள். உத்தியோகத்தர் பேனாவைத் திறந்து, பிறந்த திகதி என்ன என்று கேட்டார்.

யோகம் நிலானியின் கையைப் பிடித்தா. வாசல் பொலிஸைப் பார்த்தா. பிறகு திரும்பி என்னைப் பார்த்தா. சொல்லலாமா என்று அந்தக் கண் கேட்டது. பயப்படாதீங்க, சொல்லுங்க என்று தலையை ஆட்டினேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னா:

"எழுதுங்க. சித்திரை மாசம், வருசம் பிறந்து மூண்டாம் நாள், உத்தராட நட்சத்திரம், விடிய வெள்ளாப்பில பிறந்தவ. பதினெட்டு முடிஞ்சிற்று. காணுமா, இன்னும் சத்தமாச் சொல்லட்டா?"

இருபத்தைந்து வருசம் அரசாங்கத்தில் இருந்து எத்தனையோ கொப்பிகளை நிரப்பியிருக்கிறேன், ஆனால் நான் ஒழுங்காய்ச் செய்த ஒரே வேலை ஒரு கொப்பியை ஒழுங்காய் எழுதாமல் விட்டதுதான்.