முன்சீட்டு அம்மாவின் எடை

என்ன வேலை என்று யாராவது கேட்டால் லொரெட்டா, "உக்கார்ற வேலை" என்பாள். அதில் பொய்யில்லை. இத்தாலியில், போ நதிச் சமவெளியில், சோளக்காடுகளுக்கு நடுவே, ஒரு கார் பத்திரிகைக்குச் சொந்தமான ஓடுதளம் இருக்கிறது. புதுக் கார் வந்தால் ஓட்டுபவனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார வேண்டும். நின்ற இடத்திலிருந்து கார் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். தொட்டதும் பிரேக் போட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து, மறுபடியும் பூஜ்யத்திலிருந்து நூறு. பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. இத்தனை வேகமாகப் போயும் எங்கேயும் போய்ச் சேராதவள் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்தப் பத்திரிகைக்குப் பெயர் வாங்கித் தந்ததே இந்தச் சோதனைதான். மற்ற பத்திரிகைக்காரர்கள் ஒரு ஒல்லிப்பிச்சானைத் தனியாக ஏற்றி அனுப்பிவிட்டு, கார் பறக்கிறது என்று எழுதிவிடுவார்கள். காசு கொடுத்து வாங்குகிறவன் ஒல்லியும் இல்லை, தனியாகவும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் இரண்டு தடிப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகிறான். முன்னால் ஒரு டிராக்டர் ஆடி அசைந்து போகிறது. எதிரே லாரி வருவதற்குள் அதை முந்த இந்தக் காருக்குத் தெம்பு உண்டா என்பதுதான் அவனுடைய ஒரே கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் பத்திரிகை ஒரு குடும்பத்தையே வேலைக்கு வைத்திருந்தது.

ஓட்டுகிற எர்மெஸ், அப்பா. லொரெட்டா, அம்மா. பின்சீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் ஃபவுஸ்தோ, நாற்பத்தாறு வயது வழுக்கைத்தலை எலக்ட்ரீஷியன். இன்னொருத்தி சந்தா அலுவலகத்துக் காத்தியா. நால்வரும் சேர்ந்து முந்நூறு கிலோ இருக்க வேண்டும். லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் முதலில் காரை மட்டும் நிறுத்தி எடை பார்ப்பார்கள், பிறகு குடும்பத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். வித்தியாசம் முந்நூறிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் விலகினால் அன்றைய சோதனை பத்திரிகையில் வராது.

லொரெட்டா சமையல்கட்டிலிருந்து வந்தவள். ஓடுதளத்து உணவுக்கூடத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அப்போதிருந்த அம்மா நிஜமாகவே அம்மாவாகிப் போய்விட, பழைய மேனேஜர் உணவுக்கூடத்துக்குள் வந்து பெண்களை ஏற இறங்கப் பார்த்தார். அறுபத்தெட்டு கிலோ இருந்தவள் இவள்தான். வீட்டில் சொன்னபோது அவள் புருஷன் ரென்சோ விழுந்து விழுந்து சிரித்தான். லாரி ஓட்டிய தனக்கு மூட்டைக்குத்தான் கூலி, உனக்கு மூட்டையாக இருப்பதற்கே கூலியா என்றான். ரென்சோ இப்போது இல்லை. மகள் டப்ளினில் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் போன் செய்வாள்.

பெட்ரோல் கார்களின் காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு ஓட்டம் முடிந்ததும் அடுத்தது. ஒவ்வொரு கியருக்கும் முதுகில் ஒரு குத்து. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினால் வீட்டுப் படியேறக்கூடக் கால் வராது. பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்கள் வந்த பிறகு குத்து போனது, அலுப்பு மட்டும் போகவில்லை. சத்தமே இல்லாமல் கிளம்பும். பிறகு எஞ்சின் விழித்துக்கொண்டு ஒரே சுருதியில் ஊளையிடும். வேகமுள் மட்டும் தன்பாட்டுக்கு ஏறும். இத்தனை கத்துகிறாயே, ஓடித்தொலையேன் என்று லொரெட்டாவுக்குத் தோன்றும். முதல் ஓட்டம் நன்றாக வரும், பேட்டரி இறங்கிவிட்டால் அடுத்தது சொதப்பும். அதனால் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே தளத்தை மெதுவாகச் சுற்றி, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு பேட்டரியை ஏற்ற வேண்டும். அதற்குக் குடும்பம் தேவையில்லை என்பதால் பிள்ளைகள் சிகரெட்டுக்கு இறங்கிவிடுவார்கள். லொரெட்டா இறங்க மாட்டாள். இறங்கி ஏறுவதற்கு அலுப்பு.

அந்த மெதுவான சுற்றுகளில்தான் அவளும் எர்மெஸும் பேச ஆரம்பித்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் தோள் உரசும் தூரத்தில் உட்கார்ந்திருந்தும் அதுவரை வணக்கத்துக்கு மேல் வார்த்தை கிடையாது. அவன் தம்பியின் வீட்டு மாடியில் தனியாக இருப்பவன். பேசுவதெல்லாம் சாப்பாடும் முட்டிவலியும்தான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மத்தியானம் காரிலேயே பொட்டலத்தைப் பிரிப்பார்கள். ரொட்டி, முட்டை அடை, சில நாள் பூசணி வைத்த பாஸ்தா. அவன் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்து அவளுக்கும் இரண்டு வாய் கூட இறங்கும்.

போன நவம்பரில் பனிமூட்டம் இறங்கிய நாட்களில் அது நின்றது. பாதிக்கு மேல் தொண்டையில் இறங்கவில்லை. மீதியை எர்மெஸிடம் தள்ளினாள், அவன் கேள்வி கேட்காமல் வாங்கித் தின்றான். நாளாக ஆகப் பாதி முக்காலானது. பாவாடை நழுவியது. இலாஸ்டிக் போய்விட்டது என்று புதிது வாங்கினாள், அதுவும் நழுவியது. எர்மெஸின் கருவிப்பெட்டியிலிருந்து ஒரு ஆணியை எடுத்துத் தன் இடுப்புப் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டாள். வயிற்றின் மேற்பகுதியில் ஏதோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நோவு என்றுகூடச் சொல்ல முடியாது.

பயந்தாளா என்றால், பயந்தாள். ரென்சோவுக்கும் வயிற்றில்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரி நடைபாதைகளின் வாசனை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. இன்னொரு முறை அந்தப் படிகளில் ஏற அவளுக்குத் தெம்பில்லை. அதோடு வேலை வேறு இருந்தது. புதிதாக வந்த மேனேஜர் பிரெசான், மனிதர்களுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை வைத்தால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். எடைமேடையில் ஒரு தடவை முந்நூறுக்குக் கீழே போனால் போதும், அவருக்கு வாய்ப்பாகிவிடும். ஓய்வூதியம் வர இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

ஆனால் முந்நூறு குறையவேயில்லை. டிசம்பரில் முந்நூறு. ஜனவரியில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. மார்ச்சில் மறுபடி முந்நூறு. ஒவ்வொரு முறையும் லொரெட்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எடை பார்ப்பவன் கட்டைவிரலை உயர்த்துவான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பாவாடையை நம்பவில்லை, கண்ணாடியை நம்பவில்லை, எடைமேடையை நம்பினாள். லாரி நிறுக்கிற மேடை பொய் சொல்லுமா? கேமராவில் பார்த்து மகள் ஏன் முகம் இப்படி வற்றிப்போச்சு என்று கேட்டபோது, இங்கே மாசா மாசம் நிறுத்துப் பார்க்கிறார்கள், ஒரு கிலோகூடக் குறையவில்லை என்று அடித்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நிஜமாகிவிட்டது.

ஏப்ரலில் ஒரு புது ஹைபிரிட் செடான் வந்தது. குடும்பங்கள் வாங்கும் சாதுவான கார். ஓட்டுபவர் மட்டும் போனால் எட்டு விநாடியில் நூறு என்று தயாரித்தவர்கள் எழுதியிருந்தார்கள். குடும்பத்தோடு என்ன வரும் என்று பார்க்க வேண்டும். அன்று காலை பிரெசான் கிடங்கிலிருந்த சாக்கு நிறுக்கும் தராசை வெளியே கொண்டுவரச் சொன்னார். பொம்மை செய்யும் கம்பெனி, எந்தச் சீட்டில் எத்தனை கிலோ என்று தனித்தனியாகக் கேட்கிறதாம்.

லொரெட்டாவுக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. காத்தியா ஏறினாள், அறுபத்தாறு. ஃபவுஸ்தோ, எண்பத்து நான்கு. லொரெட்டா கோட்டைக்கூடக் கழற்றாமல் ஏறினாள். தராசு ஐம்பத்தாறு காட்டியது. அதற்குப் பின்னால் எர்மெஸ் ஏறினான். தொண்ணூற்று நான்கு. எர்மெஸ் எந்தக் காலத்திலும் எண்பத்திரண்டைத் தாண்டியவனில்லை.

பிரெசான் கூட்டிப் பார்த்தார். முந்நூறு. அவருக்கு அது போதும். இப்போதுதான் வந்தவர், முன்னால் யார் எத்தனை இருந்தார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எண்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஃபவுஸ்தோவுக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

"அம்மாவோட பாதிய அப்பா தின்னுட்டாரு போல" என்றான்.

காத்தியா சிரித்தாள். அவனும் சிரித்தான். லொரெட்டாவின் முகத்தைப் பார்த்தபின் இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள். எர்மெஸ் தலையைத் தூக்காமல் போய்க் காரில் ஏறினான். பனிக்காலம் முழுக்க அவன் தொப்பையைக் கேலி செய்தவர்களில் லொரெட்டாவும் ஒருத்தி. அவன் பதிலே பேசியதில்லை. சாயங்காலம் சாராயக்கடையில் பன்றிக்கொழுப்பில் பொரித்த ரொட்டியை இரண்டு தட்டு வாங்கி, பிடிக்காத மருந்தைப் போல விழுங்குகிறான் என்று ஃபவுஸ்தோ சொன்னபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

முதல் ஓட்டம் போனார்கள். கார் சத்தமில்லாமல் கிளம்பியது, ஊளையிட்டது, பத்து விநாடிக்குப் பக்கத்தில் நூறைத் தொட்டது. டிராக்டரை முந்தலாம், அவசரப்படாமல். பிள்ளைகள் இறங்கிக்கொண்டார்கள். பேட்டரி ஏற்றும் மெதுவான சுற்று தொடங்கியது.

"நீ குடுத்ததத்தான் தின்னேன்" என்றான் எர்மெஸ். "மொதல்ல சும்மாதான். ருசியா இருந்துச்சு."

"அப்புறம்?"

"ஜனவரியில உன் பெல்ட்டுல புது ஓட்டையப் பாத்தேன். எட குறைஞ்சா உன்ன அனுப்பிருவாங்களேன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் வேணும்னேதான் தின்னேன்."

லொரெட்டாவுக்கு வந்தது கோபம். நன்றி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஐந்து மாதமாக அவள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒரே கயிற்றை அவன் அறுத்துவிட்டான். முந்நூறு, முந்நூறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதெல்லாம் அவனுடைய தொப்பையா? டப்ளினில் இருக்கும் மகளிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதெல்லாம் சாராயக்கடை ரொட்டியா?

"உன்ன யாரு கேட்டா?" என்றாள்.

"யாரும் கேக்கல." அவன் வளைவில் பிரேக்கைத் தொட்டான். "எட அன்னைக்கே குறைஞ்சிருந்தா நீ அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருப்ப. நல்லது பண்றதா நெனச்சுக் கெடுத்துட்டேன். இன்னைக்குத் தராசுல உன் எடையப் பாத்ததும்தான் புத்தி வந்துச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோளம் இப்போதுதான் விதைத்திருந்தார்கள், வெறும் மண் ஓடிக்கொண்டிருந்தது. கோபம் நிலைக்கவில்லை. அவளுக்கு எதுவுமே இப்போதெல்லாம் நெடுநேரம் நிற்பதில்லை. கோபம் வடிந்ததும் அடியில் கிடந்த பயம் அப்படியே மேலே வந்தது. பன்னிரண்டு கிலோ. காரணம் இலாஸ்டிக் இல்லை, குளிர் இல்லை, வயசு இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை. அது அவளுக்கு நவம்பரிலிருந்தே தெரியும்.

பேட்டரி ஏறிவிட்டது, மணியும் மத்தியானமாகிவிட்டது. எர்மெஸ் காரைத் தளத்தின் ஓரமாக நிறுத்தினான். லொரெட்டா வழக்கம்போலப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மடியில் பிரித்தாள். ரொட்டியும் முட்டை அடையும். இன்று நானே தின்கிறேன் பார் என்று ஒரு வீம்பு வந்தது. ஒரு வாய் மென்றாள். இரண்டாவது வாயைத் தண்ணீர் குடித்து இறக்கினாள். மூன்றாவது தொண்டையிலேயே நின்றது, கண்ணில் நீர் வந்தது. காகிதத்தைத் திரும்ப மடித்தாள். மடித்ததை, யோசிக்காமலே, இத்தனை மாதப் பழக்கத்தில் அவன் பக்கம் நீட்டினாள்.

எர்மெஸ் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்கு வேணாம், லொரெட்டா."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பொட்டலத்தைக் காலடியில் வைத்துவிட்டு அவள் போனை எடுத்தாள். ரென்சோவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் எண் இன்னும் அதில் இருந்தது. இத்தனை நாள் அழிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. இப்போது கூப்பிட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் பெயரையும் வயதையும் கேட்டாள், எத்தனை நாளாக என்று கேட்டாள். லொரெட்டா நவம்பரிலிருந்து என்று சொன்னாள். எடை குறைந்திருக்கிறதா என்று கேட்டதற்கு, பன்னிரண்டு கிலோ என்று முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள். சொல்லும்போது எர்மெஸ் முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூரத்தில் பிள்ளைகள் இருவரும் கையசைத்துக் கூப்பிட்டார்கள். இரண்டாவது ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

"வெள்ளிக்கிழம காலையில வரச் சொல்றாங்க" என்றாள். "நீ கூட்டிட்டுப் போறியா?"

"போறேன்."

"வாசல்ல போயி நான் வேணாம்பேன். திரும்பிப் போயிரலாம்பேன். நான் சொல்றத நீ கேக்காத. ஒரு தடவையாவது ஒரு எடத்துக்குப் போய்ச் சேரணும்."

எர்மெஸ் தலையாட்டினான். சீட் பெல்ட்டை அவளே இழுத்து மாட்டிக்கொண்டாள். பிள்ளைகள் நிற்கும் இடத்துக்குக் கார் சத்தமில்லாமல் நகர்ந்தது.