கல்லீரல் ரிப்போர்ட்டும் கோயில் கயிறும்

எங்கள் வீட்டில் தினமும் ஒரு வழக்கம் இருந்தது. என் வீட்டுக்காரர் டிரெய்லர் லாரி ஓட்டிவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "வாய ஊதுய்யா" என்பேன். ஊதுவார். டீயும் மசால்வடையும் மணக்கும். குடித்துக் குடித்தே செத்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் அந்தப் பயம் விடவில்லை.

எண்ணூர் பக்கம் டிரைவர்களுக்கு இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். ரிப்போர்ட்டை நான்தான் பிரித்தேன். கல்லீரல் என்ற தலைப்புக்குக் கீழே ஜி.ஜி.டி. என்று ஒரு வரி, பக்கத்தில் அளவுக்கு மேல் என்று தடித்த எழுத்தில் எண். எங்கள் தெருவில் கல்லீரல் கெட்டவன் என்றால் குடிகாரன், அவ்வளவுதான். "இது இன்னாய்யா?" என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நான் தொட்டதே இல்லமே. குடிக்காதவனுக்கும் இது ஏறுமாம். தொப்பை, வண்டிப் பொகை, தூக்கம் கெட்டது எல்லாம் சேந்து உள்ளுக்குள்ளயே வீக்கம் கண்டு பொகைஞ்சிகினு கீதாம். ரத்தக்குழாயிலயும் அப்டி இருக்கலாமாம். ஹார்ட்டையும் ஒருக்கா பாத்துக்கச் சொல்லிச்சு டாக்டரம்மா."

"குடிகாரனுக்கு ஹார்ட் ஒண்ணுதான் கொறச்சல்" என்றேன்.

அதைச் சொன்ன வாயை இன்று நான் என்ன செய்வது?

இ.சி.ஜி. எடுக்க அவர் லீவு போட்ட வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக்கு விடாமல் கோயிலுக்கு இழுத்துப் போனேன். குடியை விடக் கயிறு கட்டுகிற கோயில். வரிசையில் என்னைப் போலப் பத்துப் பதினைந்து பெண்கள், பக்கத்தில் தலை கவிழ்ந்த புருஷன்மார்கள். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். பூசாரி சத்தியம் கேட்டதும் இவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். "இனிமே தொடமாட்டேன்" என்று கற்பூரத்தை அடித்து அணைத்தார். தொடாததை எப்படி விடுவது என்று என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றோடு வாயை ஊதச் சொல்வதை நிறுத்தினேன். எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன், பாவி.

இரண்டு மாதம் போனது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த லாரி வரிசையில், ஒரு மத்தியானம், முன்வண்டி நகர்ந்தும் இவர் வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்களாம், திட்டினார்களாம். பின்வண்டி டிரைவர் ஏறிப் பார்த்தபோது ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தாராம்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு, வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். குடிப்பாரா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த டிரைவர் முந்திக்கொண்டார். "அவனா? நாங்க பாட்டில தொறந்தாலே எறங்கிப் போய்டுவான் சார். டயர் பக்கத்துல குந்திகினு சோடா குடிப்பான்."

சண்டை வந்தால் காட்டுவதற்கென்று பையில் மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை நீட்டினேன். டாக்டர் புரட்டிப் பார்த்தார். "குடிக்காதவருக்கு இது இவ்வளவு ஏறியிருந்தா இதயத்தையும் பாக்கறது நல்லதும்மா. அப்பவே காட்டியிருக்கலாம்."

"காட்டியிருந்தா பொழச்சிருப்பாரா?"

"சொல்ல முடியாதும்மா."

அந்தப் பதில்தான் என்னைத் தின்கிறது. முடியாது என்று சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன்.

நர்ஸ் அவர் மணிக்கட்டுக் கயிற்றை வெட்டி என் கையில் கொடுத்தார். இப்போது யார் துக்கம் விசாரிக்க வந்தாலும், என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார் என்றுதான் முதலில் சொல்கிறேன். அவர் காதில் விழ ஒரு தடவைகூட அதை நான் சொன்னதில்லை.